மாமனார் இடுப்பில் ஒரு கோடு

என் மாமனார் சாகப்போகிறார் என்று ஒரு குடும்பம் முழுக்க எட்டு நாள் நம்பியது. அவருக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை. இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்பீர்கள். விழுப்புரத்தில் இருக்கிறான், இதை எழுதிக்கொண்டிருக்கிறான். மாமனாரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, என் இடுப்பு அளவ மட்டும் போட்டுடாத" என்றார். போடவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு வந்து, விழுப்புரத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, பெல்ட்டும் பர்ஸும் கையாலேயே செய்து விற்றுக்கொண்டிருந்தேன். (விற்றுக்கொண்டிருந்தேன் என்பது பெரிய வார்த்தை. செய்துகொண்டிருந்தேன்.) என்ன தொழில் என்று யாராவது கேட்டால் 'லெதர் ஆர்ட்டிஸ்ட்' என்பேன். அவர்கள் புரிந்தமாதிரி தலையாட்டிவிட்டு, மறுநாள் வார் அறுந்த செருப்பைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். எனக்குக் கோபம் வரும். அந்த வயதில் எனக்கு வந்த கோபத்தில் பாதிக்கு மேல் வீண். பேசாமல் செருப்பைத் தைத்துக் கொடுத்திருந்தால் கைக்கு வேலையாவது படிந்திருக்கும்.

பெண் திண்டிவனம். பெயர் தேன்மொழி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது, ஜாதகம் பொருந்தியது, பெண்ணுக்கும் என்னைப் பிடித்திருந்தது (இதை நான் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்). இடித்தது அவள் அப்பா ஒருவர்தான். வல்லம் பக்கம் நிலம் வைத்து மல்லாட்டையும் (வேர்க்கடலையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) கரும்பும் போடுகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்த மாட்டார். எதையும் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் நம்புவார். என்னைத் தட்டிப் பார்க்க முடியாததால் ஒரு நிபந்தனை போட்டார். "இப்ப பூ வச்சிக்கலாம். கல்யாணத்த ஒரு வருசம் கழிச்சிப் பாக்கலாம். அதுக்குள்ள தொழிலு நிக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

ஒரு வருடம் என்பது சாதாரண விஷயம் இல்லை. மாமனாருக்கு ஓர் அக்கா உண்டு, தேன்மொழிக்குப் பெரிய அத்தை. அரசு வேலையில் இருக்கும் ஒரு பையனின் போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அவர் திரிகிறார் என்று எனக்குத் தகவல் வந்திருந்தது. ஒரு வருடத்தில் அந்தப் பை எத்தனை முறை திறக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போனது.

ஆகவே என் தொழில் நிற்கும் என்பதை மாமனாரின் இடுப்பிலேயே நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பூ வைத்து நிச்சயம் செய்யப் போகிற அன்றைக்கு அவருக்கு என் கையால் செய்த பெல்ட் ஒன்று. வேட்டிமேல் கட்டுகிற அகலமான தோல் பெல்ட், தேன் நிறம், ஓரம் மட்டும் கருஞ்சிவப்பு.

அந்த ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோலை வெட்டினால் வெட்டின இடம் பிசிறு பிசிறாக, வெளுத்துப்போய் நிற்கும். அதை அப்படியே விட்டால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் அரைகுறை வேலையாகத்தான் தெரியும். முதலில் ஓரத்தின் கூர்முனையைச் சீவ வேண்டும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சாயம் ஏற்றி, அது நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பிசின் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, பள்ளம் வெட்டிய மரக்கட்டையால் சூடேறும்வரை தேய்க்க வேண்டும். அதன்மேல் தேன்மெழுகு, மறுபடியும் தேய்ப்பு. இதெல்லாம் நடந்தால் ஓரம் இறுகிப் பளபளவென்று ஆகிவிடும், உள்ளே போன சாயம் வெளியே வராது. ஒரு பெல்ட்டின் மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய எட்டடி வரும். ஒரு சாண் தேய்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

நான் தேய்க்காமல் இல்லை. பக்கிள் பக்கம் நாலு விரல், நுனிப் பக்கம் ஒரு சாண். கட்டினால் வயிற்றுக்கு முன்னால் தெரிகிற பகுதி அவ்வளவுதான். அதற்குள் பூ வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் ஆகிவிட்டது, கை வலித்தது, சட்டை இஸ்திரி போட வேண்டியிருந்தது. மீதியெல்லாம் சட்டைக்குள்ளே, முதுகைச் சுற்றிப் போகிற பகுதி. சாயம் மட்டும் தடவியிருந்தேன். சமையல் அலமாரியில் இருந்த மல்லாட்டை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாகப் பளபளத்தது. (சாயத்தின்மேல் எண்ணெய் போட்டால் அது காயவே காயாமல் கரைந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்ததாகச் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். தெரியும்.)

மறுநாள் சபை நடுவே பெல்ட்டை மாமனாரிடம் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பக்கிளுக்குப் பக்கத்தில் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"சாயம் போவாதே மாப்ள?"

"உயிர் போனாலும் சாயம் போகாது மாமா" என்றேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சொல்கிற பேச்சா இது என்று பெரிய அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். மாமனார் அங்கேயே பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு இதைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கழனிக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் இதுதான். சித்திரை வெயில் வேறு. மனிதருக்கு வியர்வை ஊற்று மாதிரி.

நாலாம் நாள் பம்புசெட்டில் குளிக்கும்போது அத்தை (என் மாமியார்) அவருக்கு முதுகு தேய்க்கப் போய், இடுப்பைச் சுற்றி ஒரு கோட்டைப் பார்த்திருக்கிறார். விரல் அகலம், கருஞ்சிவப்பு. முதுகுப் பக்கம் முழுசாக ஓடி, இரண்டு விலாப் பக்கமும் வளைந்து வந்து, தொப்புளுக்கு நேரே மொத்தம் எட்டு விரல் இடைவெளி விட்டு நின்றிருக்கிறது. வேட்டியிலும் அங்கங்கே அதே நிறத்தில் கறை. புண் நீர் வடிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பெல்ட் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதைத்தான் சபையில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்றே.

பெரிய அத்தை வந்து பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார். அக்கி. கொப்புளமாகப் படர்கிற நோய், அதுவும் இடுப்பைச் சுற்றுகிற அக்கி. "ரெண்டு மொனையும் ஒண்ணு சேந்துச்சின்னா ஆளு தேறாது" என்று ஓர் ஓரமாகச் சொன்னாராம். பெரிய அத்தை ஓரமாகச் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மாமனாருக்கும் கேட்டுவிட்டது.

தேன்மொழி எனக்கு அந்த இடுப்பின் போட்டோவை அனுப்பினாள். நான் போனைப் பார்த்தேன், பிறகு என் விரல் நகங்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். நானே கலந்த சாயம், எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பெல்ட்டின் மேல் ஓரம் வேட்டிக்கு மேலே முதுகில் பட்டுக் கசிந்திருக்கிறது. உடனே சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அப்பா கல்யாணத்த இந்த மாசமே வச்சிடலாம்னு சொல்றாரு. இருக்கறப்பவே பாத்துடணுமாம்" என்றாள்.

"அப்படியா" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். போனை வைத்தபிறகு எனக்கு நானே நிறைய காரணம் சொல்லிக்கொண்டேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தானாகவே நாலு நாளில் வெளுத்துவிடும், அதற்குள் தேதியும் குறித்துவிடுவார்கள், யாருக்கு என்ன நஷ்டம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கோடு வெளுக்கவில்லை. அவர்தான் பெல்ட்டைக் கழற்றுவதே இல்லையே. காவியால் அக்கி எழுதிக் குணப்படுத்துகிறவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் நேர்மையான மனிதர். "கொப்புளமே காணலியே, இது வேற மாதிரி இருக்குதே" என்று தயங்கியிருக்கிறார். பெரிய அத்தைதான் "கொப்புளம் உள்ளாற இருக்கும், நீ எழுதுப்பா" என்று அதட்டினாராம். மூன்று நாள் காவியைக் குழைத்து என் சாயத்தின் மேலேயே எழுதினார். பத்தியம் வேறு. எண்ணெய் இல்லை, காரம் இல்லை, மூன்று வேளையும் கேப்பைக் கூழ். அதையும் பயத்தில் பாதி டம்ளரோடு வைத்துவிடுகிறார்.

இங்கேதான் விஷயம் பேஜாராகிவிட்டது. சாப்பிடாததால் மனிதர் இளைத்தார். இளைத்ததால் பெல்ட்டை ஓர் ஓட்டை இறுக்கிக் கட்டினார். இறுக்கினதும், பக்கவாட்டில் இருந்த தேய்க்காத ஓரம் ஒரு விரல் முன்னால் வந்தது. கோடும் அதோடு முன்னால் வந்தது. கோடு நெருங்குவதைப் பார்த்துப் பயந்து இன்னும் சாப்பிடாமல் விட்டார். இன்னும் ஓர் ஓட்டை. தேன்மொழி கணக்கு டீச்சர் இல்லையா, தினமும் காலையில் அப்பா குளித்து வந்ததும் இடைவெளியை அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். எட்டு விரல். ஏழு. ஆறரை. எனக்கும் தினமும் அந்த எண் வரும். நானும் தினமும் 'கவலைப்படாதே' என்று பதில் போடுவேன்.

சுற்றி வளைத்தும் முயற்சி செய்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமே என்றேன். ஊசி போடும்போது ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள், பஞ்சே உண்மையைச் சொல்லிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது என் திட்டம். அக்கிக்கு ஊசி போட்டால் உள்ளே இறங்கிவிடும் என்று பெரிய அத்தை தடுத்துவிட்டார். சரி, பெல்ட்டையாவது கழற்றி வைக்கச் சொல், காற்றுப் படட்டும் என்றேன். அதற்கு தேன்மொழி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா மாட்டேங்கறாரு. மாப்ள குடுத்தது, அது இருக்கறதுனாலதான் நிமுந்து நடக்கறேன்னு சொல்றாரு."

இதற்கிடையில் கல்யாண வேலை ஜல்தியாக நடந்தது. முகூர்த்தம் குறித்தாயிற்று, மண்டபம் கிடைத்தது, பத்திரிகை அடித்தாயிற்று. பெரிய அத்தை கைப்பையிலிருந்து அந்த போட்டோவை எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. கோடு தெரிந்ததிலிருந்து எட்டாம் நாள் காலையில் தேன்மொழி போன் செய்தாள். எண்ணைச் சொன்னாள். அஞ்சு விரல். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் செய்துகொண்டிருப்பது அயோக்கியத்தனம் என்று. எட்டு நாள் கழித்து உறைத்ததற்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சாயத்தைக் கரைக்கிற ஸ்பிரிட் ஒரு பாட்டில், பஞ்சு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் 'மாமா, ஒரு தப்பு நடந்துடுச்சி' என்று ஆரம்பித்துப் பழகினேன். டோல்கேட்டுக்கு அப்புறம் 'மாமா, ஒரு நல்ல செய்தி' என்று மாற்றிக்கொண்டேன்.

வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஆப்பிளும் ரொட்டியுமாக வந்து சுற்றி உட்கார்ந்து, மாமனாரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றேன். "எல்லாம் நம்மாளுங்கதான், சொல்லுங்க மாப்ள" என்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பழகிவைத்த இரண்டு வசனமும் மறந்துபோனது. "ஒரு மருந்து கொண்டுவந்திருக்கேன்" என்று என் வாய் சொன்னது.

பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பஞ்சை நனைத்து முதுகில் ஓர் இழுப்பு இழுத்தேன். பஞ்சு கருஞ்சிவப்பானது, தோல் சுத்தமானது. அடுத்த பஞ்சு. அடுத்த பஞ்சு. அஞ்சு நிமிஷத்தில் கோடு இருந்த இடமே தெரியவில்லை. பெரிய அத்தை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "கைராசிக்கார புள்ள" என்றார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தேன்மொழி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டேன். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

மாமனார் எழுந்தார். எட்டு நாளில் முதல்முறையாகக் காபி கேட்டார். இடுப்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "அந்த பெல்ட்ட எடும்மா" என்று கையை நீட்டினார்.

கட்டினால் சாயங்காலத்துக்குள் கோடு திரும்ப வந்துவிடும்.

"அத போடாதீங்க மாமா" என்றேன்.

"ஏன்?"

"அது அக்கி இல்ல மாமா. பெல்ட்டோட சாயம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பெல்ட்டைக் கையில் வாங்கி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு முன்பக்கத்து ஓரத்தைத் தேய்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. அப்படியே பின்பக்கத்துக்கு நகர்த்தித் தேய்த்தார். விரல் கருஞ்சிவப்பானது. அந்த விரலை எல்லோருக்கும் தெரிகிறமாதிரி தூக்கிப் பிடித்தார்.

"முன்னாடி ஒட்டல. பின்னாடி ஒட்டுது. எப்பிடி?"

சொன்னேன். முன்னால் நாலு விரலும் ஒரு சாணும் தேய்த்ததை, பின்னால் மல்லாட்டை எண்ணெய் தடவியதை, இஸ்திரி போட வேண்டியிருந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப, பாக்கற எடத்துல மட்டும் வேல செஞ்சிருக்க" என்றார். அதுவரை எனக்கிருந்த 'ங்க' அந்த வாக்கியத்தோடு போனது.

தேன்மொழி கேட்ட கேள்வி வேறு. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீ போட்டோ அனுப்பின அன்னிக்கே" என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கதவுச் சத்தம்தான் தாங்க முடியவில்லை.

திருப்பி அனுப்பின போட்டோவை மறுபடி வாங்க யாருக்குப் போன் செய்வது என்று பெரிய அத்தை யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மாமனார் பெல்ட்டைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்குக் காலையில உன் கட்ட, மெழுகு எல்லாத்தையும் எடுத்துக்கினு வா. இங்க ஒக்காந்து மிச்சத்த முடி. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் அந்தக் கூடத்தின் நடுவே உட்கார்ந்து, எண்ணெய் ஊறின ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, புதுசாகச் சாயம் ஏற்றிக் காயவைத்து, மத்தியானத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். சொந்தக்காரர்களில் ஒருவர்கூட ஊருக்குக் கிளம்பவில்லை. மாமனார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டு நாள் பாக்கியையும் சேர்த்துச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் ஓர் இடத்தைத் தாண்டியபோது, "அங்க ஒரு விரலு உட்டுட்ட" என்றார். திரும்பிப் போய்த் தேய்த்தேன். கையில் கொப்புளம் வந்தது. நிஜக் கொப்புளம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் முடித்தேன். உள்ளேயிருந்து தேன்மொழி வந்தாள். கையில் ஈரமான வெள்ளைத் துண்டு. பெல்ட்டை எடுத்து, மேல் ஓரம் முழுக்க, கீழ் ஓரம் முழுக்க, அவசரமே இல்லாமல் அழுத்தித் துடைத்தாள். முதுகுப் பக்கம் வருகிற இடத்தில் இரண்டு முறை. துண்டை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், எதையும் யாரும் இவ்வளவு பொறுமையாகத் திருத்தியதில்லை.

துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"இனிமே எது தெரிஞ்சாலும் அன்னிக்கே சொல்லணும்" என்றாள். "சரி" என்றேன். கல்யாணம் பத்திரிகையில் போட்டிருந்த தேதியிலேயே நடந்தது.

மணவறையில் தாரை வார்க்கிற நேரம். மாமனார் தேன்மொழியின் கையை எடுத்து என் கையில் வைத்தார். ஐயர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் மாமனார் என் கையை விடவில்லை. ஈரக் கட்டைவிரலால் என் புறங்கையை அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு விரலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மண்டபமே சிரித்தது. போட்டோக்காரர் சரியாக அந்த நேரத்தில் எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கித் திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். தாலி கட்டுகிற படம்கூட அதைவிடச் சின்னது. எங்கள் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது. யார் வந்தாலும் கையைப் பிடித்து அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, "எங்க அப்பாவுக்குச் சாயம் போவுதான்னு தாத்தா பாக்கறாரு" என்கிறாள். வந்தவர்கள் சிரித்துவிட்டு, போனதா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எப்போதும் சமையலறையிலிருந்து தேன்மொழி சொல்வதுதான்.

"இன்னும் பாத்துக்கினுதான் இருக்கோம்."